சியாங் மாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் என்ற நகரில், ஞாயிறுதோறும் மாலையில் பழைய ஊரின் நடுச்சாலையை அடைத்துவிட்டுச் சந்தை போடுகிறார்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த விஷயம் தெரிந்ததிலிருந்து, உறவிலோ நட்பிலோ யார் தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன்.

தாய்லாந்து முழுக்க இரவுச் சந்தை இருக்கிறதே, சியாங் மாய்க்கு ஏன் போக வேண்டும்?

பொருளைச் செய்தவரே உட்கார்ந்து விற்பதை அங்கே இன்னும் நிறையப் பார்க்கலாம். எனக்கு அதுதான் முதல் காரணம். சுற்றுவட்டாரம் முழுக்கக் கைத்தொழில் கிராமங்கள். காகிதக் குடைக்கு போ சாங், மரச்சிற்பத்துக்கு பான் தவாய், வெள்ளி வேலைக்கு ஊருக்குள்ளேயே வுவா லாய். மலைமேல் மோங், கரேன் மக்கள் இருக்கிறார்கள். நெசவும் தையலும் அவர்கள் வீட்டு வேலை. இவர்கள் செய்வதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே சாலையில் வந்து இறங்குகிறது.

இடமும் அப்படி. சியாங் மாய் 1296-இல் மங்ராய் மன்னர் கட்டிய ஊர், லான்னா அரசின் தலைநகர். பழைய ஊர் ஒரு சதுரம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், சுற்றிலும் அகழி. கிழக்கே தாபே வாசல். அங்கே தொடங்கி மேற்கே வாட் பிரா சிங் கோயிலை நோக்கிப் போகிறது ராச்சதம்னோன் சாலை. சந்தை இந்தச் சாலையில்தான், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு. பக்கத்துத் தெருக்களிலும் கிளை விட்டு, மூன்று மன்னர் சிலை இருக்கும் சதுக்கம் வரை போகிறது. வழிநெடுக புத்த விகாரங்கள். அவற்றின் முற்றமும் அன்று சந்தையாகிவிடும்.

எந்த நாளில் எந்தச் சந்தை?

மூன்று சந்தைகளை எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே சொன்ன ராச்சதம்னோன் சாலை. சனிக்கிழமை, பழைய ஊருக்குத் தெற்கே, சியாங் மாய் வாசலைத் தாண்டி வுவா லாய் சாலை; கொஞ்சம் சிறியது, கொஞ்சம் நிதானமானது. தினமும் இரவு நடப்பது ஊருக்குக் கிழக்கே சாங் கிளான் சாலையில் இருக்கும் நைட் பஜார். பயண நிறுவனங்கள் "இரவுச் சந்தைக்கு அழைத்துப் போகிறோம்" என்றால் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். சூட்கேஸ், டி-சர்ட், போலி பிராண்டு பை என்று எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கிற சரக்கு அங்கே அதிகம். வாரநாளில் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்றால் அதற்குப் போங்கள். முடிந்தால் பயணத்தையே சனி, ஞாயிறு இரண்டும் உள்ளே வருகிற மாதிரி போடுங்கள்.

எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

நான்கு மணிக்கே கடை விரிக்கத் தொடங்குவார்கள். ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். ஏழு மணிக்கு மேல் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். நின்று ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பத்து மணிக்கு மேல் கட்ட ஆரம்பிப்பார்கள்.

ஆறு மணிக்கு எல்லோரும் திடீரென்று நின்றுவிடுகிறார்களாமே?

ஆமாம். தாய்லாந்தில் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். முதல் தடவை எனக்குத் தெரியாது. ஒரு கடையில் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் கடைக்காரப் பெண் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். திரும்பிப் பார்த்தால் சாலை முழுக்க ஆயிரக்கணக்கான பேர் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். பேச்சுச் சத்தம் அடங்கி, எங்கோ எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு முடிந்த அடுத்த நொடி கரண்டி சுழன்றது, சந்தை பழையபடி நகர்ந்தது.

நீங்களும் நின்றுவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எழுந்துகொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

என்ன வாங்கலாம்?

காகிதக் குடையைத்தான் முதலில் சொல்வேன். மல்பெரி இனத்து மரப்பட்டையில் செய்கிற காகிதத்துக்கு அங்கே 'சா' என்று பெயர். மூங்கில் சட்டத்தில் அதை ஒட்டி, எண்ணெய் தடவிக் காயவைத்து, மேலே பூ வரைகிறார்கள். புதுக்குடையை விரித்தால் அந்த எண்ணெய் வாசனை வரும். அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: நூலால் கோத்த மூங்கில் குச்சிகள் வட்டமாக விரிந்திருக்கும் அழகு, மேலே வரைந்த பூவைவிட எனக்குப் பிடிக்கும். அதே சா காகிதத்தில் விளக்குக் கூடு, நோட்டுப்புத்தகம், உலர்ந்த பூவிதழ் பதித்த கடித உறை எல்லாம் உண்டு. கனமில்லாத பரிசு என்றால் இவைதான்.

மோங் மக்களின் துணி அடுத்தது. துணியில் மெழுகால் கோடு போட்டு, அவுரியில் முக்கி, பிறகு மெழுகை உருக்கி எடுப்பார்கள். கருநீலத்தில் வெள்ளைக் கோலம் மாதிரி வடிவங்கள் நிற்கும். அதன்மேல் குறுக்குத் தையல். பை, தலையணை உறை, பாவாடை என்று பலவிதம். கரேன் நெசவு இதிலிருந்து வேறு; இடுப்பில் கட்டி நெய்கிற சிறு தறியில் வருவது, அகலம் குறைந்த துண்டுகளை இணைத்துத்தான் சட்டையே தைப்பார்கள்.

வெள்ளிக்குச் சனிக்கிழமைச் சந்தை நல்லது, ஏனென்றால் வுவா லாய் வெள்ளித் தட்டார் குடியிருப்பு. அவர்கள் அங்கே வந்த கதை பெரியது. 1558 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் லான்னா பர்மியர் ஆட்சியில் இருந்தது. கடைசியில் நடந்த போர்களில் சியாங் மாய் ஆளில்லாத ஊராகிக் காடு மண்டிப்போனது. 1796-இல் காவிலா என்ற அரசர் ஊரை மறுபடி நிரப்பத் தொடங்கினார். சால்வீன் ஆற்றுப் பக்கத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் கைவினைஞர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து குடியேற்றினார். "கீரையைக் கூடையில் போடு, ஆளை ஊரில் போடு" என்று அந்தக் காலத்தைப் பற்றி அங்கே சொல்வழக்கே உண்டு. அப்படி வந்தவர்களின் சந்ததிதான் இந்தத் தட்டார்கள். விரும்பி வந்தவர்கள் இல்லை, பிடித்து வரப்பட்டவர்கள். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தால், சுத்தியல் சத்தம் வேறு மாதிரி கேட்கும். அதே தெருப்பக்கம் வாட் சீ சுபன் கோயிலில் மண்டபம் முழுவதையும் வெள்ளியும் அலுமினியமும் போர்த்தித் தகட்டு வேலை செய்திருக்கிறார்கள். அதற்குள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை, வெளியிலிருந்து பார்க்கலாம்.

யானைப் படம் போட்ட தொளதொளப்பான கால்சட்டை எல்லாக் கடையிலும் தொங்கும். 100 முதல் 200 பாட் (தாய்லாந்துப் பணம்) வரை. வெயிலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் தையல் சீக்கிரம் விட்டுவிடும். ஊருக்கு வந்ததும் ஒரு முறை உள்தையல் போட்டுக்கொண்டால் சில வருடம் வரும்.

கைவேலையா, மெஷின் வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயம் முக்கியது என்றால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் நீலம் இருக்கும், கோடுகள் அங்கங்கே தடித்தும் மெலிந்தும் போகும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், ஒவ்வொரு கட்டமும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வரும். கைத்தையலில் பின்னால் முடிச்சும் நூல் தாவலும் தெரியும்.

வெள்ளியில் அதன் தரத்தைக் காட்டும் 925 என்ற முத்திரை பாருங்கள். ஆனால் முத்திரையை யாரும் குத்தலாம். எனக்கே நடந்தது. நைட் பஜார் பக்கத்துத் தெருவோரக் கடை ஒன்றில் 925 குத்திய வளையம் வாங்கி வந்தேன், இரண்டு மாதத்தில் உள்பக்கம் செம்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் விலை கூடிய வெள்ளி வாங்குவதானால் பட்டறையோடு இருக்கிற கடையில் பில் போட்டுத்தான் வாங்குகிறேன்.

இன்னொரு எளிய வழி: விற்பவரின் கையைப் பாருங்கள். கடையில் உட்கார்ந்தபடியே பின்னுகிறவர், செதுக்குகிறவர், வரைகிறவர் இந்தச் சந்தையில் நிறையப் பேர். கூட்டம் இல்லாத நேரத்தில் அவர்கள் கை சும்மா இருக்காது.

பேரம் பேசலாமா?

பேசலாம், அளவோடு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆரம்ப விலையே பெரும்பாலும் நியாயமாக இருக்கும். நூற்றுக்குப் பத்து, இருபது குறைத்தாலே பெரிது. இரண்டு மூன்று பொருளாக எடுத்துக் கேட்டால் தானாகவே குறைப்பார்கள். நைட் பஜாரில் கூடுதலாகச் சொல்வார்கள், அங்கே இன்னும் இறங்கலாம். சாப்பாட்டுக்குப் பேரம் கிடையாது, எழுதியிருப்பதுதான் விலை.

"பாதி விலையிலிருந்து ஆரம்பி" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அதை இந்தச் சந்தையில் செய்யாதீர்கள். 250 பாட்டுக்கு விற்கிற பையின் தையலுக்கே அந்தப் பெண்ணுக்குப் பல நாள் ஆகியிருக்கும். கடைசிப் பத்து பாட்டுக்காக, அதாவது நம் இருபத்தைந்து முப்பது ரூபாய்க்காக, அவர் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு வாங்கி வருகிற பொருளை எனக்கு வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காது.

கேட்க வேண்டியது இரண்டே வாக்கியம். "தாவ் ராய்?" என்றால் எவ்வளவு. "லொட் தாய் மை?" என்றால் குறைக்க முடியுமா. ஆண்கள் முடிவில் 'கப்', பெண்கள் 'கா' சேர்த்துச் சொன்னால் மரியாதை. அவர்களும் நம்மைப் போல உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவராகத் தெரிந்தால் 'பீ'; அக்காவுக்கும் அண்ணனுக்கும் அந்த ஒரே சொல். அம்மா வயதுக்காரர் என்றால் 'பா', நம் பெரியம்மா மாதிரி. 'பீ' என்று கூப்பிட்டுக் கேட்டால் முகம் மலர்கிறது. கால்குலேட்டரில் விலையை அடித்து நம் பக்கம் திருப்புவார்கள்; நாமும் அடித்துத் திருப்பலாம்.

நமக்குப் போணி இருப்பது போல அவர்களுக்கும் உண்டு. ஒரு தடவை ஐந்து மணிக்கு முன்பே போய் ஒரு மூதாட்டியிடம் துணிப்பை வாங்கினேன். நான் கொடுத்த 100 பாட் நோட்டை வாங்கி, கடையில் விரித்திருந்த ஒவ்வொரு பையின்மேலும் அந்த நோட்டால் தட்டிக்கொண்டே போனார். முதல் விற்பனைப் பணம் மற்றதையும் விற்றுக் கொடுக்கும் என்று நம்பிக்கை. என் பாட்டி பூக்கடையில் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கடையில் நான் பேரம் பேசவில்லை.

கார்டு செல்லுமா, ரொக்கம் வேண்டுமா?

ரொக்கம் எடுத்துப் போங்கள். 20, 50, 100 பாட் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 1000 பாட் நோட்டை நீட்டினால் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். கடைதோறும் ஒரு கியூஆர் அட்டை தொங்கும். அது 2017-இல் வந்த பிராம்ப்ட்பே, நம் யுபிஐ மாதிரி. மலேசியாவிலிருந்து போகிறவர்கள் தங்கள் ஊர்ப் பணப்பரிமாற்ற வசதியான டுயிட்நவ் வழியாக அதை ஸ்கேன் செய்தே கொடுத்துவிடலாம். சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சிலவற்றிலும் முடியும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம் யுபிஐயை நம்பிப் போக வேண்டாம். வெளிநாட்டு கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள், அல்லது பணமாற்றுக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டிலும் நாணயத்திலும் அரசர் படம் இருக்கும். உருண்டு ஓடும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், அங்கே அது பெரிய அவமரியாதை.

நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காய்கறிதானே தெரிகிறது என்று வாங்கிவிடக் கூடாது. மீன் சாறு (நாம் பிளா), இறால் விழுது (கபி), சிப்பிச் சாறு மூன்றும் நம் உப்பு, புளி மாதிரி எல்லாவற்றிலும் போகும். பப்பாளிச் சாலட்டில்கூட மீன் சாறும் காய்ந்த இறாலும் இருக்கும்.

கேட்க வேண்டிய சொல் 'ஜே'. சீன பௌத்த வழக்கத்திலிருந்து வந்த உணவுமுறை இது. இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து இருக்கும். நமக்கு அது 17 என்று எழுதியது போலத் தெரியும். அந்த 17-ஐத் தேடுங்கள். "கின் ஜே" என்றால் நான் ஜே சாப்பிடுகிறவர் என்று பொருள். 'மங்சவிரட்' என்றால் பொதுவாகச் சைவம், ஆனால் அதில் முட்டை இருக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் ஒன்பது நாள் ஜே திருவிழா வரும். அப்போது ஊரெங்கும் மஞ்சள் கொடிதான், சைவர்களுக்குக் கவலையே இல்லை.

என் அத்தை முட்டைகூடத் தொடாதவர். அவரை அழைத்துப் போனபோது பாதி வயிறாவது நிரம்புமா என்று பயந்துகொண்டே போனேன். சாலையிலிருந்து வாட் பான் ஓன் கோயில் முற்றத்துக்குள் திரும்பியதும் ஒரு கடையின் முன்னால் நின்றுவிட்டார். குழிக் குழியாக வார்ப்புச் சட்டி, குழிகளில் மாவை ஊற்றி மூடிவைத்து, கரண்டியால் நெம்பி எடுக்கிறார் ஒரு அம்மா. "இது நம்ம பணியாரம்டா!" என்றார் அத்தை. பெயர் கனோம் குரோக். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும்தான். அடிப்பக்கம் மொறுமொறுப்பாக, மேல்பக்கம் இன்னும் குழைவாக இருக்கும்போதே எடுத்து, இரண்டு பாதிகளை ஒன்றாக ஒட்டி வாழையிலைத் தொன்னையில் வைத்துத் தருவார்கள். மேலே வெங்காயத்தாள், சோளம், சேப்பங்கிழங்கு என்று ஏதாவது ஒன்று தூவுவார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்த சுவை. அத்தை இரண்டு தொன்னை சாப்பிட்டுவிட்டு, கல்லைத் துடைக்க அந்த அம்மா என்ன துணி வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார். பேச்சு ஒன்றும் புரியாமலேயே இரண்டு பேரும் கால் மணி நேரம் சமையல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ரொட்டி. தெற்காசிய முஸ்லிம்கள் கொண்டுபோன பலகாரம் இது. மாவு உருண்டையைப் பலகையில் அடித்து, வீசி, கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கி, வட்டக் கல்லில் போடுவார்கள். வீச்சு பரோட்டா பார்த்தவர்களுக்குக் கை வேகமே பழக்கமானதாக இருக்கும். உள்ளே வாழைப்பழம், மேலே டப்பா பால், சர்க்கரை. முட்டை சேர்ப்பது வழக்கம். வேண்டாம் என்றால் கையசைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சாதத்தோடு மாம்பழம், தேங்காய் ஐஸ்கிரீம், அவித்த சோளம், பழச்சாறு. மாம்பழம் மார்ச் முதல் ஜூன் வரை உச்சத்தில் இருக்கும்.

அசைவத்தில் எதை விடக் கூடாது?

காவ் சோய். தேங்காய்ப் பால் குழம்பில் முட்டை நூடுல்ஸும் கோழியும், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை. வடக்குத் தாய்லாந்தின் அடையாளமே அதுதான். சாய் உவா என்ற சுருள் தொத்திறைச்சியில் எலுமிச்சைப்புல்லும் நார்த்தை வாசனை வரும் இலையும் இடித்துப் போடுவார்கள். அது பன்றி இறைச்சி.

ஹலால் வேண்டுவோர் நைட் பஜார் பக்கத்திலுள்ள பான் ஹோ பள்ளிவாசல் தெருவுக்குப் போகலாம். சீனத்தின் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த முஸ்லிம் வணிகர்களின் வழியினர் வாழும் இடம். அங்கே கிடைக்கும் மாட்டிறைச்சிக் காவ் சோய் அருமை.

பூச்சி விற்கிறார்களாமே?

விற்கிறார்கள். வெட்டுக்கிளி, பட்டுப்புழுக் கூட்டுப்புழு, மூங்கில் புழு எல்லாம் பொரித்து, மிளகுத்தூள் தூவி. மூங்கில் புழுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரொட் துவான்', அதாவது விரைவு ரயில். படம் எடுப்பதற்குச் சில கடைகளில் பத்து பாட் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது சாதாரண உணவு, அதனால் முகம் சுளித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வாங்குவது தவிர, வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. பார்வையற்ற இசைக் கலைஞர்கள் சாலையின் நடுவில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். கூட்டம் அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆறு மாதிரி பிரிந்து போகும். முன்னால் இருப்பவர் பாடுவார், பின்னால் டிரம், கிட்டார், கீபோர்டு. சற்றுத் தள்ளி யாராவது ஒருவர் சலோ வாசித்துக்கொண்டிருப்பார். வில் வைத்து இழுக்கிற லான்னா நரம்புக்கருவி. மெல்லிய சத்தம், பக்கத்தில் போனால்தான் கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் பட்டு உடுத்திக்கொண்டு நடனமாடுவார்கள், காலடியில் காணிக்கைப் பெட்டி. விரல்களில் நீண்ட பித்தளை நகங்கள் மாட்டி ஆடுகிற 'ஃபோன் லெப்' பார்க்கக் கிடைத்தால் நின்று முழுவதும் பாருங்கள். கால் அசைவு குறைவு, கதையெல்லாம் மணிக்கட்டில்தான். பெட்டியில் 20 பாட்டாவது போட்டுவிட்டு நகருங்கள்.

சந்தையிலிருந்து நழுவி வாட் பான் தாவ் கோயிலுக்குள் போங்கள். முழுக்கத் தேக்கில் கட்டிய பழைய விகாரம். அதன் அடுத்த வளாகத்தில் வாட் சேதி லுவாங். 1545 நிலநடுக்கத்தில் உச்சி இடிந்த மாபெரும் செங்கல் சேதியம் (தூபி) அங்கே நிற்கிறது. இன்று பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் ஒரு காலத்தில் அதில்தான் இருந்தார். தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போனால் எங்கும் தடையில்லாமல் நுழையலாம்.

நைட் பஜார் பக்கம் போனால் வேறு உலகம்: முவாய் தாய் குத்துச்சண்டை, அனுசான் சந்தையில் திருநங்கையர் ஆடிப் பாடும் காபரே நிகழ்ச்சி. நிகழ்ச்சி முடிந்து கலைஞர்களோடு படம் எடுத்தால் பணம் கொடுப்பது முறை. அது அவர்கள் பிழைப்பு, கேட்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

நவம்பர் பௌர்ணமியில் யீ பெங், லோய் கிரதோங் என்ற இரண்டு விளக்குத் திருவிழாக்களும் சேர்ந்து வரும். வீட்டு வாசல், கோயில், அகழிக்கரை எங்கும் விளக்கு. வாழைத்தண்டில் செய்த மிதவையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். சில வருடங்களில் நம் கார்த்திகைத் தீபமும் அதே நாளில் விழும். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே பதிவு செய்யுங்கள்.

தெருவோர மசாஜ் நம்பிப் போகலாமா?

தாராளமாக. சாலையோரத்திலும் கோயில் முற்றத்திலும் சாய்வு நாற்காலி வரிசை போட்டிருப்பார்கள். அரை மணி நேரம் கால் பிடித்துவிட 100 முதல் 150 பாட். குடும்பத்தோடு வரிசையாக உட்காருகிற இடம்தான், தயங்க எதுவும் இல்லை. எட்டு மணிக்குக் கால் கெஞ்சும்போது போங்கள்.

வாங்கவே கூடாதவை எவை?

யானைத் தந்தம், ஆமை ஓடு, காட்டு விலங்கின் பல், தோல். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டாம். புத்தர் சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கழுத்தில் அணியும் சிறு பதக்கத்துக்குச் சிக்கல் இல்லை. புத்தர் தலையை மட்டும் அலங்காரப் பொருளாக வாங்குவது அவர்கள் மனதைப் புண்படுத்தும். மின் சிகரெட் அங்கே பல ஆண்டுகளாகத் தடை, வைத்திருந்தாலே அபராதம். கஞ்சா கலந்த தைலம், மிட்டாய் என்று எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே சட்டம் எப்படி மாறினாலும், நம் ஊர் விமான நிலையத்தில் அது குற்றம்.

குழந்தைகள், வயதானவர்களோடு போனால்?

தாபே வாசலில் நுழைந்து முழுச் சாலையும் நடக்க வைக்காதீர்கள். ஐந்து மணிக்குப் போய், சாப்பாட்டுக்குக் கோயில் முற்றத்தில் இடம் பிடித்து, பெரியவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டு முறை வைத்துச் சுற்றுங்கள். கழிப்பறையும் கோயில் வளாகங்களில்தான் இருக்கும். தள்ளுவண்டி ஏழு மணிக்கு மேல் நகராது. பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே ஒரு இடம் பேசிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஜனவரி வரை. இரவில் லேசாகக் குளிரும், ஒரு மேல்துண்டு வேண்டும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காட்டையும் எரிக்கிற புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் போகவே வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை மழை. மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கடைமேலும் பிளாஸ்டிக் விரிப்பு ஏறிவிடும், நின்றதும் விலக்குவார்கள்.

பாங்காக் மட்டும்தான் போகிறோம், என்ன செய்வது?

பாங்காக் இரவுச் சந்தைகள் பல குத்தகை நிலத்தில் நடப்பவை, அதனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 'தலாட் ரொட் ஃபாய்' என்ற ரயில் சந்தையே உதாரணம். சதுசக் பக்கத்தில் ரயில்வே நிலத்தில் தொடங்கி, 2013-இல் சீநகரினுக்குப் போனது. 2015-இல் ரட்சதாவில் கிளை திறந்தார்கள், கொரோனா காலத்தில் 2021-இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜாட் ஃபேர்ஸ் என்ற சந்தை வந்தது, அதுவும் பின்னர் இடம் மாறியது. கிளம்பும் முன் வரைபடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். சாப்பாட்டுக்கும் கூட்ட வேடிக்கைக்கும் அவை நல்லவை. கைவினைப் பொருள் தேடினால் வார இறுதியில் பகலில் சதுசக் சந்தைக்குப் போங்கள்.

சியாங் மாய்க்குப் போவதும் ஊருக்குள் சுற்றுவதும் எப்படி?

பாங்காக்கிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இரவு ரயில் சுமார் 750 கிலோமீட்டர், படுக்கை வசதியோடு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். குருங் தெப் அபிவாட் நிலையத்தில் ஏற வேண்டும். எனக்கு ரயில்தான் பிடிக்கும், விடியற்காலையில் மலைக்காட்டுக்குள் ஏறுகிற அழகுக்காக. ஊருக்குள் சிவப்பு நிறப் பகிர்வு வண்டிகள், 'ரொட் டேங்' என்பார்கள். கைகாட்டி நிறுத்தி, இடம் சொல்லி, அவர் தலையசைத்தால் ஏறுங்கள். ஞாயிறு இரவு சந்தை முடிகிற நேரத்தில் தாபே வாசலில் வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். அகழியைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்து ஏறினால் சரியாகிவிடும்.

குடை வாங்கிவிட்டோம், விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

சின்னக் குடை என்றால் பெட்டிக்குள் மூலைவிட்டமாகப் போகும். மடக்கி, காம்பைச் சுற்றித் துணி கட்டி, யானைக் கால்சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். பெரிய குடைக்குக் கடையிலேயே நீளமான அட்டைக்குழாய் கேளுங்கள், பலரிடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடனே விரித்து இரண்டு நாள் நிழலில் வைத்துவிடுங்கள்; மடக்கியபடி பரணில் போட்டால் எண்ணெய் ஒட்டிக்கொண்டு, விரிக்கும்போது காகிதம் கிழியும். என் முதல் குடை அப்படித்தான் போனது. இரண்டாவது இப்போது கூடத்தில் விரிந்தபடியே தொங்குகிறது.